ஏழாயிரம் யார்டு ஓடியவர்

அமெரிக்காவின் மேடிசன் நகரத்துக்காரர்களிடம், அமெரிக்கக் கால்பந்து வீரர் ரான் டெய்னின் ஓட்டக் கணக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் அன்றைய மாலை அதிலேயே கழிந்துவிடும். அந்த நகரத்தின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக 1996 முதல் 1999 வரை பந்தை ஏந்தி அவர் ஓடியது மொத்தம் 7,125 யார்டு. ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏவின் அதிகாரபூர்வ ஏட்டில் அவர் பெயருக்கு நேரே 6,397 என்றுதான் இருக்கிறது. பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களை வீரர்களின் கணக்கில் சேர்க்கும் வழக்கம் 2002இல்தான் வந்தது. அதற்கு முன் ஆடியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2016 டிசம்பரில் சான் டியாகோ ஸ்டேட் அணியின் டானல் பம்ஃப்ரி 6,405 யார்டுடன் டெய்னை முந்தினார். அவர் முந்தியதும் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு பௌல் ஆட்டத்தில்தான். ஒருவருக்குச் சேராத ஆட்டம் இன்னொருவருக்குச் சேர்ந்ததால் எட்டு யார்டில் சாதனை கை மாறிவிட்டது. விஸ்கான்சின் அணியின் கேம்ப் ராண்டல் அரங்கின் முகப்பில் டெய்னின் 33ஆம் எண் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த அரங்குக்கு வந்து போகிறவர்களிடம் இந்த எட்டு யார்டின் நியாயத்தை விளக்கிவிட முடியாது.

விஸ்கான்சினில் பிறந்து வளர்ந்த அலுவலக நண்பர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மதிய உணவு வேளை முழுவதும் கொதித்தார். தட்டை எடுத்துக்கொண்டு எழும்போது, “என்ன இருந்து என்ன, என்எஃப்எல்லில் மனுஷன் ஒன்றும் தேறவில்லையே” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக். எட்டு யார்டு பற்றிய வழக்கு எனக்கு மறந்துவிட்டது. இந்த வாக்கியம் மறக்கவில்லை. கல்லூரி வரலாற்றிலேயே அதிகத் தூரம் ஓடியவர் என்று சொல்லத்தக்க ஒருவர், கல்லூரி ஆட்டத்தில் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றவர், இரண்டு ரோஸ் பௌல்களில் அடுத்தடுத்துச் சிறந்த வீரராகத் தேர்வானவர், எப்படித் தேறாமல் போனார்? அவரை முந்திய பம்ஃப்ரியோ இன்னும் மோசம். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரை 2017இல் நான்காம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. ஒரே ஒரு வழக்கமான பருவ ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை.

பட்டியலின் உச்சியில் இருக்கும் இருவருமே இப்படி என்றால், கல்லூரிக் கணக்குக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று முடிவுகட்டத் தோன்றும். பலர் அப்படித்தான் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் அடுத்தடுத்த பெயர்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. டெய்னுக்கு முன் சாதனையை வைத்திருந்த ரிக்கி வில்லியம்ஸ் 2002இல் மயாமிக்காக 1,853 யார்டு ஓடி என்எஃப்எல்லில் முதலிடம் பிடித்தார். அவருக்கும் முன் அதை வைத்திருந்த டோனி டார்செட் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இருக்கிறார். ஆக, ஆயிரக்கணக்கான யார்டு என்ற எண் ஒரு வீரரைப் பற்றி எதையோ சொல்கிறது. நாம் கேட்கும் கேள்விக்கான விடையை மட்டும் சொல்வதில்லை.

இடைவெளியைத் திறப்பவர்கள்

பந்தை ஏந்தும் ரன்னிங் பேக் ஓடுகிறார் என்று சொல்கிறோம். உண்மையில் பந்து அவர் கைக்கு வந்த பின் நடப்பதில் முதற்பாதி அவர் செயலே அல்ல. முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்கள் எதிரணியினரைத் தள்ளி ஓர் இடைவெளியைத் திறக்க வேண்டும். அதன் பிறகுதான் அவர் வேலை தொடங்குகிறது. டெய்ன் காலத்து விஸ்கான்சினில் இந்த வேலை கலையாகவே வளர்க்கப்பட்டிருந்தது. பாரி ஆல்வரெஸ் கட்டியெழுப்பிய அந்த அணியின் லைன்மேன்களில் ஆரன் கிப்சன் 1999இலும் கிரிஸ் மெக்கின்டாஷ் 2000இலும் என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். அவர்கள் திறந்த வாசலுக்குள் 250 பவுண்டு எடையுள்ள டெய்ன் முழு வேகத்தோடு நுழையும்போது, எதிரே நிற்கும் கல்லூரிப் பையன்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டு ஏதேனும் அலுவலகத்தில் வேலைக்குச் சேரப்போகிறவர்கள். தொழில்முறைக்குத் தேறக்கூடியவர் அந்தத் தற்காப்பில் ஒருவரோ இருவரோ இருந்தால் பெரிது.

என்எஃப்எல்லில் எதிரே நிற்கும் பதினொருவரும் தேறியவர்கள். அங்கே இடைவெளி திறந்தே காத்திருப்பதில்லை. ஆட்டப் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். பந்தை வாங்கும் நொடியில், திட்டப்படி திறக்க வேண்டிய இடத்தில் ஒரு முதுகுதான் தெரிகிறது. இரண்டாம் அடி வைப்பதற்குள் அதற்கு இடப்புறத்தில் ஓர் உடல் அகலத்துக்கு வெளிச்சம் விழுகிறது. மூன்றாம் அடியில் அதை அடைக்க எதிரணித் தற்காப்பின் லைன்பேக்கர் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். அந்த ஒரு காலடி நேரத்துக்குள் காலை ஊன்றித் திசை மாற்ற வேண்டும். முன்கூட்டியே திரும்பினால் லைன்பேக்கரும் கூடவே திரும்பிவிடுவார். தாமதித்தால் கதவு மூடிவிடும். நெரிசலான பேருந்தில் இறங்கும் நிறுத்தம் வரும்போது, யார் தோள் எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பார்க்காமலே உணர்ந்து படிக்கட்டை அடைகிறவர்கள் உண்டல்லவா, ஏறக்குறைய அந்தத் திறமைதான் இது. கல்லூரியில் சிறந்த அணிக்கு ஆடுகிறவருக்கு இந்தத் திறமை இருக்கிறதா என்பதைச் சோதிக்க அணியே விடுவதில்லை. அவருக்குத்தான் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறதே.

களத்தின் கோடுகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பந்தை வைக்கும் இடத்தைக் குறிக்கும் இரு வரிசைக் கோடுகளுக்கு இடையே கல்லூரிக் களத்தில் 40 அடி தூரம். என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓரமாக வைக்கப்பட்டால் மறுபக்கத்தில் ஒரு மைதானமே காலியாகக் கிடக்கும். வேகமுள்ளவர் அதில் சுற்றிக்கொண்டு ஓடிவிடுவார். தொழில்முறைக் களத்தில் ஏறக்குறைய எப்போதும் நடுவிலிருந்துதான் ஆரம்பம், இரு பக்கமும் சம நெருக்கம். பந்தே கையில் இல்லாதபோது செய்ய வேண்டிய வேலை இன்னொன்று: பந்தை வீசும் குவாட்டர்பேக்கைத் தாக்க ஓடிவருகிறவரை இனங்கண்டு குறுக்கே நின்று தடுப்பது. இதைக் கற்காத புதியவரைக் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் குவாட்டர்பேக்கின் பக்கத்தில் நிறுத்த எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. எத்தனையோ கல்லூரி நட்சத்திரங்கள் பெஞ்சில் உட்கார்ந்ததற்கு ஓட்டத்தைவிட இதுதான் காரணம்.

1995இன் வரிசை

இதற்கெல்லாம் ஒரே ஆண்டில் சாட்சி தேடினால் 1995 டிராஃப்டைவிடப் பொருத்தமானது கிடைக்காது. முதல் இடத்தில் சின்சினாட்டி எடுத்தவர் பென் ஸ்டேட்டின் கி-ஜானா கார்ட்டர். முன்பருவ ஆட்டத்தில் மூன்றாவது முறை பந்தை ஏந்தியபோதே அவர் முழங்கால் கிழிந்தது. அந்தப் பருவமே போயிற்று, பழைய வேகம் திரும்பவே இல்லை. 21ஆம் இடத்தில் சிகாகோ எடுத்த ரஷான் சலாம் கொலராடோவில் ஒரே பருவத்தில் 2,055 யார்டு ஓடி ஹைஸ்மன் வென்றவர். முதலாண்டில் 1,074 யார்டு ஓடினார், பிறகு சரிந்துவிட்டார். அந்த ஆண்டு வந்த ரன்னிங் பேக்குகளில் புகழ்மண்டபம் வரை போன இருவரையும் முதலில் யாரும் சீந்தவில்லை. கர்டிஸ் மார்ட்டின் 74ஆவது; பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் 251 யார்டு ஓடிவிட்டு, அடுத்த ஆட்டத்தில் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு பருவத்தையே இழந்தவர். டெரல் டேவிஸ் 196ஆவது, அதாவது ஆறாம் சுற்று.

டேவிஸின் கதையில் எனக்குப் பிடித்த பகுதியில் ஓட்டமே இல்லை. முதலில் அவர் சேர்ந்த லாங் பீச் ஸ்டேட் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. பிறகு சேர்ந்த ஜார்ஜியாவிலும் கடைசி ஆண்டில் பெரிதாக வாய்ப்பில்லை. டென்வர் அணியின் பயிற்சி முகாமில் அவர் வரிசையின் கடைசியில் இருந்தார். டோக்கியோவில் நடந்த ஒரு முன்பருவ ஆட்டத்தில் கிக்ஆஃபில் உதைத்த பந்தைத் துரத்திக்கொண்டு போய், பந்தோடு வந்தவரை அடித்து வீழ்த்திய வேகத்தில்தான் பயிற்சியாளர்களின் கண்ணில் பட்டார். மூன்றாண்டு கழித்து 2,008 யார்டு ஓடி லீகின் மதிப்புமிகு வீரரானார். இந்தத் திறமையைக் காட்டும் எண் எதுவும் அவருடைய கல்லூரிக் கணக்கில் இல்லை.

ஆனால் டேவிஸைக் காட்டி, கடைசி வரிசையில்தான் மாணிக்கம் கிடக்கும் என்று சொல்லக் கிளம்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆறாம் சுற்றில் வந்து மறைந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. பாரி சாண்டர்ஸ் மூன்றாவது இடத்தில் போனார், லடேனியன் டாம்லின்சன் ஐந்தாவது. என்எஃப்எல்லிலும் சாதித்த இந்த இருவரிடமும் கல்லூரிக் கணக்கு பொய் சொல்லவில்லை.

டல்லஸ், 2005 நவம்பர் 24

டெய்ன் விஷயத்தில் என் எண்ணத்தைப் புரட்டியது ஒரே ஓர் ஓட்டம். அதற்கு முன் நியூயார்க்கில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000 டிராஃப்டில் ஜயண்ட்ஸ் அவரை 11ஆவதாக எடுத்தது. முதலாண்டில் 770 யார்டு, அடுத்து 690, அடுத்து 428. 2003இல் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. 2004இல் 179. அதே காலத்தில் அவர் பக்கத்தில் நின்ற டிக்கி பார்பர், உருவத்தில் சிறியவர், இரண்டாம் சுற்றில் வந்தவர், அதே லைன்மேன்களின் பின்னால் வளர்ந்துகொண்டே போனார். இதனால் டெய்னுக்கு மன்னிப்பே இல்லாமல் போயிற்று. அணியைக் குறை சொல்ல வழியில்லை. பக்கத்தில் இருப்பவர் ஓடுகிறாரே.

2005இல் டெய்ன் டென்வருக்குப் போனார். டென்வர் எப்படிப்பட்ட இடம் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1999இல் டேவிஸின் முழங்கால் போனதும் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட ஓலாண்டிஸ் கேரி வந்து 1,159 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு, கடற்படைக் காலாட்படையில் பணியாற்றிவிட்டுக் கல்லூரிக்குப் போன, ஆறாம் சுற்றில் வந்த மைக் ஆண்டர்சன் 1,487 ஓடினார். 2002இல் கிளின்டன் போர்ட்டிஸ் 1,508. ஆள் மாறினாலும் யார்டு குறையவில்லை. மைக் ஷனஹானும் லைன்மேன்களின் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸும் அமைத்த முறையில் ஒவ்வொரு லைன்மேனும் ஒரு குறிப்பிட்ட ஆளைத் தள்ளுவதற்குப் பதிலாக, ஐவரும் ஒரே திசையில் நகர்ந்து தத்தம் பகுதிக்குள் வருகிறவரைத் தடுப்பார்கள். பின்னால் ஓடுகிறவருக்கு ஒரே கட்டளை: நகரும் சுவரில் விரிசல் தெரிந்ததும் ஒரு முறை காலை ஊன்றித் திரும்பு, பிறகு தயங்காதே. துள்ளுவதும் நெளிவதும் வேண்டாம்.

நன்றி தெரிவிக்கும் நாளில் டல்லஸில் நடந்த அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. டெய்ன் பந்தை வாங்கி, சுவரோடு சில அடி நகர்ந்து, ஒரு முறை திரும்பி, 55 யார்டு ஓடினார். டென்வரின் ஜேசன் எலம் பந்தை உதைத்து ஆட்டத்தை வென்றுகொடுத்தார், 24–21. நியூயார்க்கில் ஐந்தாண்டு மந்தமானவர், எடை கூடியவர் என்று எழுதப்பட்ட அதே மனிதர், அதே உடம்பு, ஒரு வயது கூட. பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கேம்ப் ராண்டலில் அவர் ஓடிய ஓட்டம்தான் அது: யோசிக்க வேண்டிய நேரம் ஒரு கணம், பிறகு முழு வேகம். நியூயார்க்கில் அவரிடம் கேட்கப்பட்டது வேறு வகை ஓட்டம் என்பதே என் கணிப்பு. அவருக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை. கேட்டது அவருக்கு வரவில்லை.

அடுத்த ஆண்டு அவர் ஹூஸ்டனுக்குப் போனார். அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் கேரி குபியாக், டென்வரில் ஷனஹானோடு பல்லாண்டு பணியாற்றி அதே முறையைக் கொண்டுவந்தவர். 2006இல் 612 யார்டு, 2007இல் 773. எட்டாவது ஆண்டில்தான் டெய்ன் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த பருவத்தை ஆடினார், முதலாண்டைவிட மூன்று யார்டு கூடுதலாக. மொத்தம் 3,722. ஹைஸ்மன் வென்றவருக்கு இது ஏமாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரன்னிங் பேக்குகளின் தொழில் வாழ்வு மற்றெல்லா இடங்களையும்விடச் சீக்கிரம் முடிந்துபோகும் ஒரு விளையாட்டில், கல்லூரியில் ஆயிரத்து இருநூறு முறைக்கு மேல் இடிபட்டுவிட்டு வந்த உடம்போடு, எட்டாவது ஆண்டிலும் சம்பளம் வாங்கி ஆடியவரைத் தேறாதவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் நடுத்தரமான தொழில்முறை வீரர். ஆயிரக்கணக்கான கல்லூரி ஓட்டக்காரர்களில் அந்த நிலையை எட்டுகிறவர்கள் வெகு சிலர்.

அணி மாறியதால் ஆளே மாறித் தெரிந்ததற்கு அண்மைக்காலச் சாட்சியும் அதே நியூயார்க்கிலிருந்துதான் வருகிறது. 2018இல் இரண்டாவது இடத்தில் எடுக்கப்பட்ட சேக்வான் பார்க்லி 2023இல் ஜயண்ட்ஸுக்காக 962 யார்டு ஓடினார். அணி அவரை விட்டுவிட்டது. 2024இல் பிலடெல்பியாவில் 2,005 யார்டும், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் வெற்றியும். பார்க்லி டெய்னைவிட எத்தனையோ மடங்கு திறமைசாலி, ஒப்பிடுவதற்கே இல்லை. அவ்வளவு பெரிய ஆளையே ஒரு லைன் சாதாரணமாகக் காட்ட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரிச்சர்ட்சன் என்னும் மறுப்பு

எல்லாம் இடத்தைப் பொறுத்தது என்று நான் நிம்மதியடைந்துவிடாமல் தடுப்பவர் டிரென்ட் ரிச்சர்ட்சன். அலபாமாவில் 2011இல் 1,679 யார்டு, தேசியப் பட்டம். 2012இல் மூன்றாவது இடத்தில் கிளீவ்லாண்ட் அவரை எடுத்தபோது, அந்த அணியின் மாபெரும் ஓட்டக்காரரான ஜிம் பிரௌன் மட்டும், அவர் சாதாரணமானவர் என்று சொல்லிச் சர்ச்சைக்குள்ளானார். முதலாண்டில் 950 யார்டு, சராசரி 3.6. அடுத்த ஆண்டு செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் தன் முதல் சுற்று உரிமையைக் கொடுத்து அவரை வாங்கியது. (கிளீவ்லாண்ட் அந்த உரிமையைப் பயன்படுத்தி மேலேறி ஜானி மன்சீலை எடுத்தது, அவரும் தேறவில்லை; யாருக்கு அதிக நஷ்டம் என்று இன்றுவரை வாதிடலாம்.) இண்டியானாபொலிஸில் அந்தப் பருவத்தில் ரிச்சர்ட்சன் 157 முறை பந்தை ஏந்தி 458 யார்டு ஓடினார். அதே அணியில் டானல்ட் பிரௌன் 102 முறை ஏந்தி 537 யார்டு ஓடினார். ஒருவருக்குச் சராசரி 2.9, மற்றவருக்கு 5.3. அதே அணி, அதே பருவம்.

ரிச்சர்ட்சனின் ஓட்டங்களைப் பார்ப்பது கொஞ்சம் வேதனையான வேலை. இடைவெளி ஒரு கை தூரத்தில் திறந்திருக்கிறது; அவர் திட்டத்தில் இருந்த இடத்தை நோக்கி, தம் லைன்மேனின் முதுகில் போய் முட்டுகிறார். தோளில் குறையில்லை, தொடையில் குறையில்லை, வேகத்திலும் பெரிய குறையில்லை. அலபாமாவில் அவருக்கு எதிரே வழி இருந்தது, அதனால் வழி தேடத் தெரிகிறதா என்ற கேள்வி எழவே இல்லை. அதே அலபாமாவிலிருந்து வந்த டெரிக் ஹென்ரிக்கும் கல்லூரியில் வழி இருந்தது. 2016இல் 45ஆவது இடம் வரை சரிந்த அவர் 2020இல் 2,027 யார்டு ஓடினார். கல்லூரி ஒன்றே, முடிவு இரண்டு. ஆகவே அலபாமாக்காரர், விஸ்கான்சின்காரர் என்று முத்திரை குத்துவதும் உதவாது.

முத்திரை குத்துவதை நிறுத்தியவர்கள் குறைவு என்பதை 2020 டிராஃப்ட் காட்டியது. விஸ்கான்சினின் ஜோனத்தன் டெய்லர் மூன்றே பருவங்களில் 6,174 யார்டு ஓடியிருந்தார். பந்தை அடிக்கடி நழுவவிடுகிறார் என்ற குறை உண்மை. ஆனால் அதைவிட அதிகமாகக் காதில் விழுந்தது, விஸ்கான்சின் லைனுக்குப் பின்னால் யார் ஓடினாலும் ஓடலாம், டெய்னைப் பாருங்கள், அவருக்குப் பின் அங்கிருந்து வந்து சோபிக்காத மான்டி பாலைப் பாருங்கள் என்ற பேச்சுதான். 41ஆவது இடத்தில்தான் இண்டியானாபொலிஸ் அவரை எடுத்தது. அவருக்கு முன் எடுக்கப்பட்ட ரன்னிங் பேக்குகளில் முதலாமவர், 32ஆம் இடத்தில் கேன்சஸ் சிட்டி எடுத்த கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். 2021இல் டெய்லர் 1,811 யார்டும், பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து பெறும் டச் டவுன் 18உம் எடுத்து லீகில் முதலிடம் பிடித்தார். இண்டியானாபொலிஸின் லைன் அப்போது நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேன்சஸ் சிட்டி என்ன செய்தது என்பது இன்னும் சுவையானது. 2022இல் ஏழாம் சுற்றில், 251ஆவது இடத்தில், ரட்கர்ஸின் ஐசையா பச்சேகோவை எடுத்தது. ரட்கர்ஸ் வலுவான அணி அல்ல. நான்கு பருவங்களில் ஒன்றில்கூட அவர் 1,000 யார்டைத் தொடவில்லை. கணக்கை மட்டும் பார்த்தவர்கள் அவர் பெயரை அடித்துவிட்டிருப்பார்கள். ஆனால் அந்த அணியில் அவருக்கு வழி திறந்து கிடைத்தது அபூர்வம் என்பதால், வழியில்லாத இடத்தில் அவர் என்ன செய்வார் என்பதற்கு நான்காண்டுப் பதிவு தாராளமாக இருந்தது. முதலாண்டிலேயே எட்வர்ட்ஸ்-ஹெலேரின் இடம் அவருக்குப் போனது. அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் 76 யார்டு ஓடி ஒரு டச் டவுனும் அடித்தார்.